கரண்ட் போனதில் தொலைந்த மலர், தானாகச் சேவ் ஆனதில் தொலைந்த ஒப்பந்தம்

வாசகி கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் டைப்பிங், ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். போன மாதம் அம்மன் கோவில் திருவிழா மலருக்கு மேட்டர் அடித்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. ஒன்றரை மணி நேர வேலை. மறுபடி கம்ப்யூட்டரைப் போட்டபோது வேர்டில் இடது பக்கம் ஏதோ பட்டியல் வந்தது. பழைய ஃபைல் என்று நினைத்து அக்கா மகன் மூடிவிட்டான். அதற்குப் பிறகு ஒன்றுமே கிடைக்கவில்லை. அடுத்த வாரம் லேப்டாப்பில் இன்னொரு சோதனை. வேலைக்கு இருக்கும் பெண் ஒரு பழைய வாடகை ஒப்பந்தத்தைத் திறந்து, பெயரையும் தொகையையும் மாற்றி, பிரின்ட் எடுத்துக் கொடுத்தாள். சேவ் கொடுக்கவே இல்லை என்று சத்தியம் செய்கிறாள். ஆனால் பழைய ஒப்பந்தம் போய்விட்டது. அந்த வீட்டுக்காரர் இப்போது வந்து காப்பி கேட்கிறார். கடைக் கம்ப்யூட்டரில் வேர்டு 2016, லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் 365. மேட்டரை வேர்டில் அடித்தாலும் மலரின் பக்க வடிவமைப்பெல்லாம் பேஜ்மேக்கரில். எல்லாவற்றையும் கூகுள் டாக்ஸுக்கு மாற்றிவிடுங்கள் என்கிறார்கள். மாற்றலாமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அவசர வேலை. அந்த வாடகை ஒப்பந்த ஃபைலை இந்த நிமிடத்திலிருந்து யாரும் தொட வேண்டாம். அடுத்து வருகிறவருக்காக அதே ஃபைலில் மறுபடி பெயர் மாற்றினால், நீங்கள் தேடுகிற பழைய பிரதி இன்னும் பின்னால் தள்ளப்படும். தனிநபர் மைக்ரோசாஃப்ட் கணக்கில் ஒன்டிரைவ், அதாவது மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடம், ஒரு ஃபைலுக்குக் கடைசி 25 பதிப்புகள் வரைதான் வைத்திருக்கும். ஒரே ஃபைலைத் திருப்பித் திருப்பித் திருத்தி ஓட்டுகிற கடையில் 25 சீக்கிரம் தீர்ந்துவிடும்.

சேவ் கொடுக்காமலே சேவ் ஆகியிருக்கிறது என்றால், அந்த ஃபைல் ஒன்டிரைவில்தான் இருக்கிறது. அதனால் நம்பிக்கை இருக்கிறது. பிரவுசரில் ஒன்டிரைவ் தளத்துக்குள் அந்த லேப்டாப்பில் பயன்படுத்தும் அதே கணக்கோடு நுழையுங்கள். ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து 'வெர்ஷன் ஹிஸ்டரி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். தேதி, நேரத்தோடு ஒரு பட்டியல் வரும். அந்தப் பெண் திருத்திய நாளுக்கு முந்தைய தேதியில் உள்ள வரிதான் உங்களுக்கு வேண்டியது. பல மாதம் பின்னால் இருந்தாலும் குழம்ப வேண்டாம், கடைசியாக அது எப்போது சேவ் ஆனதோ அந்தத் தேதியைத்தான் காட்டும்.

அங்கே 'ரிஸ்டோர்', 'டவுன்லோடு' இரண்டும் இருக்கும். டவுன்லோடைத் தேர்ந்தெடுங்கள். ரிஸ்டோர் கொடுத்தால் பழையது மேலே வந்து, புது வாடகைதாரரின் ஒப்பந்தம் பட்டியலுக்குள் போய்விடும். அதுவும் அழிந்துவிடாது, ஆனால் உங்களுக்கு இரண்டுமே தனித்தனி ஃபைலாக வேண்டும். டவுன்லோடு ஆனதற்கு வீட்டுக்காரர் பெயரும் ஆண்டும் வைத்து வேறு ஃபோல்டரில் போட்டுவிடுங்கள். அந்த ஃபைலை இதற்கு முன்பும் இப்படித் திருத்தி ஓட்டியிருந்தால், வேறு சிலருடைய ஒப்பந்தங்களும் அதே பட்டியலில் கிடக்கும். கையோடு அவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரரிடமும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நீங்கள் எடுத்துக் கொடுப்பது அடித்த மேட்டரை மட்டும். அதில் முத்திரைத்தாளும் இல்லை, கையெழுத்தும் இல்லை. எங்காவது அத்தாட்சியாகக் காட்ட வேண்டுமென்றால் வாடகைதாரரிடம் இருக்கும் கையெழுத்திட்ட பிரதியை ஜெராக்ஸ் எடுப்பதுதான் சரி.

இப்போது, அந்தப் பெண் சொன்னது உண்மையா என்ற கேள்வி. உண்மையாகவே இருக்கும், அவளைத் திட்ட வேண்டாம். மைக்ரோசாஃப்ட் 365 வேர்டில் ஃபைல் ஒன்டிரைவில் இருந்தால், மேல் இடது மூலையில் 'ஆட்டோசேவ்' சுவிட்ச் ஆன் ஆகியிருக்கும். அது ஆன் ஆகியிருக்கும்போது, ஒரு பெயரை மாற்றிய சில நொடிகளில் அந்த மாற்றம் மூல ஃபைலிலேயே பதிந்துவிடும். மூடும்போது "சேவ் செய்யவா?" என்ற கேள்வி வராது. பழைய வேர்டில் பழகியவர்கள் அந்தக் கேள்வியை நம்பியே வேலை செய்வார்கள்: பழைய ஒப்பந்தத்தைத் திற, பெயரை மாற்று, பிரின்ட் எடு, 'வேண்டாம்' சொல்லி மூடு. மூல ஃபைல் பத்திரமாக இருக்கும். வருடக்கணக்காக வேலை செய்த அந்தப் பழக்கம்தான் இப்போது ஃபைலை அழிக்கிறது.

கடைக் கம்ப்யூட்டரில் நடந்ததோ இதற்கு நேர் எதிர். அங்கே இருப்பது வேர்டு 2016. அதில் ஆட்டோசேவ் கிடையாது, 'ஆட்டோரிக்கவர்' மட்டும்தான் உண்டு. பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. ஆட்டோரிக்கவர் உங்கள் ஃபைலில் எதையும் எழுதாது. நீங்கள் மாற்றாமல் விட்டிருந்தால் 10 நிமிடத்துக்கு ஒருமுறை, அதுவரை அடித்ததை வேறு ஓர் இடத்தில் தற்காலிகப் பிரதியாக ஒதுக்கி வைக்கும். நீங்கள் முறையாகச் சேவ் செய்து மூடியதும் அந்தப் பிரதியை அழித்துவிடும். கரண்ட் போய், முறையாக மூட முடியாமல் போனால் மட்டும் அது தங்கும். அடுத்த முறை வேர்டைத் திறந்ததும் இடது பக்கப் பட்டியலில் வந்து நிற்கும்.

ஆக, அக்கா மகன் மூடியது பழைய ஃபைல் அல்ல. உங்கள் ஒன்றரை மணி நேர வேலையில், கடைசிச் சில நிமிடங்கள் போக மீதி அதில்தான் இருந்திருக்கும். பையனையும் குறை சொல்ல முடியாது. அந்தப் பட்டியல் 'டாக்குமென்ட் 1' என்று ஏதோ ஒரு பெயரோடு நிற்கும், பார்த்தால் வேண்டாத ஃபைல் மாதிரிதான் தெரியும்.

இப்போதும் தேடிப் பார்க்க இரண்டு இடங்கள் இருக்கின்றன. வேர்டில் 'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்', 'சேவ்' போங்கள். 'ஆட்டோரிக்கவர் ஃபைல் லொகேஷன்' என்ற கட்டத்தில் நீளமாக ஒரு முகவரி இருக்கும். அதைக் காப்பி செய்து ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் மேல் கட்டத்தில் ஒட்டி என்டர் தட்டுங்கள். அந்த ஃபோல்டரிலும் அதன் உள் ஃபோல்டர்களிலும், பெயரின் கடைசியில் புள்ளி ஏ-எஸ்-டி என்று முடியும் ஃபைல் ஏதாவது, கரண்ட் போன நாளின் தேதியோடு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வேர்டுக்குள் போய் 'ஃபைல்', 'ஓப்பன்' வழியாகத் திறக்க வேண்டும், டபுள் கிளிக்கில் பெரும்பாலும் திறக்காது. இரண்டாவது இடம், 'ஃபைல்', 'இன்ஃபோ', 'மேனேஜ் டாக்குமென்ட்', 'ரிக்கவர் அன்சேவ்டு டாக்குமென்ட்ஸ்'. ஒருமுறைகூடச் சேவ் ஆகாமல் மூடப்பட்ட ஃபைல்கள் அங்கே போய் உட்காரும். ஆனால் 4 நாள்தான் தங்கும். ஒரு மாதம் ஆகிவிட்டதால் இரண்டிலும் பெரிய எதிர்பார்ப்பு வைக்க வேண்டாம். கோவில்காரர்கள் கொடுத்த கையெழுத்துப் பிரதியைப் பார்த்து மறுபடி அடிக்க வேண்டிவரும். டேட்டா ரிக்கவரி சாஃப்ட்வேர் எதையும் அதே டிஸ்க்கில் இறக்கி முயற்சி செய்ய வேண்டாம். ஒருமுறைகூடச் சேவ் ஆகாத மேட்டருக்கு அதனால் பலன் குறைவு, இருக்கிற மிச்சமும் அதன்மேல் எழுதப்பட்டுப் போய்விடும்.

அடுத்த முறை கரண்ட் போய் வந்தால் செய்ய வேண்டியது இது. பட்டியல் வந்ததும் எதையும் மூடாதீர்கள். ஒவ்வொரு வரியிலும் 'ஒரிஜினல்', 'ஆட்டோரிக்கவர்டு' என்றும் பக்கத்தில் நேரமும் இருக்கும். நேரம் பிந்தியதைத் திறந்து, கடைசிப் பாராவைப் பாருங்கள். சரியாக இருந்தால் எஃப் 12 தட்டி வேறு பெயரில் சேவ் செய்யுங்கள். பழைய ஃபைலின் மேலேயே போட வேண்டாம், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு பழையதை ஒதுக்கலாம். அவசரத்தில் மூட வேண்டி வந்தால் வேர்டு ஒரு கேள்வி கேட்கும்: பிறகு பார்க்கிறேன் என்பதா, நீக்கிவிடு என்பதா. 'பிறகு' என்பதையே தேர்ந்தெடுங்கள், அடுத்த முறை திறக்கும்போது பட்டியல் மறுபடி வரும்.

அதே 'ஆப்ஷன்ஸ்', 'சேவ்' பக்கத்தில் 10 நிமிடம் என்பதை 2 ஆக்கிவிடுங்கள். கடைக் கம்ப்யூட்டர் பழையது, ஃபைலில் படம் நிறைய என்றால் ஒவ்வொரு முறையும் ஒரு நொடி நின்று நின்று போகும். அப்போது 4 அல்லது 5 வைத்துக்கொள்ளலாம். அதன் கீழே, சேவ் செய்யாமல் மூடினால் கடைசி ஆட்டோரிக்கவர் பிரதியை வைத்திரு என்று ஒரு டிக் பெட்டி இருக்கிறது. அது டிக் ஆகியிருக்கட்டும். பிறகு 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் கீழே இறங்கினால் 'ஆல்வேஸ் கிரியேட் பேக்கப் காப்பி' என்று இருக்கும். அதையும் டிக் செய்யுங்கள். நீங்கள் ஒவ்வொரு முறை சேவ் செய்யும்போதும், அதற்கு முந்தைய சேவ் எப்படி இருந்ததோ அது அதே ஃபோல்டரில் தனி ஃபைலாக நிற்கும். வேர்டு 2016-இல் கம்ப்யூட்டரிலேயே உள்ள ஃபைலுக்கு வெர்ஷன் ஹிஸ்டரிக்குக் கிட்டத்தில் வருவது இது ஒன்றுதான். ஒரே ஒரு படிதான் பின்னால் போகும். இரண்டு முறை சேவ் தட்டிவிட்டால் பழையது போய்விடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இவ்வளவு செய்தாலும் புது மேட்டருக்கு ஆட்டோரிக்கவரை நம்பி உட்கார வேண்டாம். முதல் வரி அடிக்கும் முன்பே எஃப் 12 தட்டிப் பெயர் வைத்துவிடுங்கள். பெயர் வைத்த ஃபைலுக்குக் கரண்ட் போனாலும் தேட ஒரு இடம் இருக்கும். ஒவ்வொரு பாரா முடிவிலும் கன்ட்ரோல் எஸ்.

வாடிக்கையாளர் கொண்டுவரும் பென்டிரைவிலிருந்தும் வாட்ஸ்அப்பிலிருந்தும் நேரடியாகத் திறந்து வேலை செய்யும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். பென்டிரைவைப் பாதியில் பிடுங்கினால் ஃபைல் பாதி எழுதப்பட்ட நிலையில் கெட்டுப்போகலாம். வாட்ஸ்அப்பிலோ ஜிமெயில் இணைப்பிலோ ஜிப்புக்குள்ளோ இருந்து நேரே திறந்தால், ஃபைல் ஏதோ ஒரு தற்காலிக ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கும். சேவ் தட்டினால் அங்கேதான் சேவ் ஆகும். மறுநாள் தேடினால் கிடைக்காது. முதலில் டெஸ்க்டாப்பில் அந்த வாடிக்கையாளர் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் ஃபைல், பிறகுதான் திறப்பது.

இனி லேப்டாப்புக்கு. ஆட்டோசேவை அணைத்துவிடலாமா என்று தோன்றும். அணைக்க வேண்டாம், பழக்கத்தை மாற்றினால் போதும். பழைய ஒப்பந்தத்தைத் திறந்து திருத்தும் வழக்கத்துக்கே இடம் இருக்கக் கூடாது. ஒரு நல்ல ஒப்பந்தத்தை எடுத்து, பெயர், முகவரி, முன்பணம், வாடகை, 11 மாதத் தேதிகள் எல்லாவற்றையும் அழித்து, அந்த இடங்களில் கோடு போட்டு, 'சேவ் அஸ் டைப்' பட்டியலில் 'வேர்டு டெம்ப்ளேட்' என்று சேவ் செய்யுங்கள். அதன்மேல் டபுள் கிளிக் செய்தால் டெம்ப்ளேட் திறக்காது, அதன் நகல் ஒன்று பெயரில்லாத புது ஃபைலாகத் திறக்கும். கை தவறினாலும் மூலம் கெடாது. பிறந்த நாள் பேனர் விலைப்பட்டியல், பில் போன்ற எக்செல் ஃபைல்களுக்கும் இதே மாதிரி 'எக்செல் டெம்ப்ளேட்' உண்டு. டெம்ப்ளேட்டாக மாற்ற முடியாத ஃபைல் என்றால், 'ஃபைல்', 'இன்ஃபோ', 'புரொடெக்ட் டாக்குமென்ட்' உள்ளே 'ஆல்வேஸ் ஓப்பன் ரீட்-ஒன்லி' போட்டு வையுங்கள். திறக்கும்போதே ஒரு கேள்வி கேட்டு நிறுத்தும். ஏற்கெனவே திறந்துவிட்டால், ஒரு எழுத்தை மாற்றும் முன் 'ஃபைல்', 'சேவ் எ காப்பி'. எல்லாம் மாற்றி முடித்த பிறகு காப்பி எடுத்தால் மூலமும் மாறியே இருக்கும். வரிசை முக்கியம்.

கூகுள் டாக்ஸுக்கு மாறலாமா? பாதி வேலைக்கு மாறலாம். மலர் மேட்டர் திரட்டுவது, கோவில் கமிட்டியிடம் படித்துத் திருத்தச் சொல்வது, நன்கொடையாளர் பட்டியல் போடுவது ஆகியவற்றுக்கு அது மிகவும் நல்ல இடம். அங்கே சேவ் என்ற பொத்தானே கிடையாது. நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு திருத்தமும் வரிசையாகக் குறிக்கப்படுகிறது, அந்த வரிசையிலிருந்துதான் பழைய நிலைகளை அது கட்டிக் காட்டுகிறது. 'ஃபைல்', 'வெர்ஷன் ஹிஸ்டரி', 'சீ வெர்ஷன் ஹிஸ்டரி' போனால் வலது பக்கம் நாள், நேர வாரியாகப் பட்டியல் வரும். யார் எதைச் சேர்த்தார், எதை நீக்கினார் என்பது ஆளுக்கு ஒரு நிறத்தில் தெரியும். இது சரியாக வேலை செய்ய வேண்டுமென்றால் நீங்களும் உதவிக்கு இருக்கும் பெண்ணும் தனித்தனி ஜிமெயிலில் நுழைய வேண்டும். கடைக்கு ஒரே கணக்கு என்று வைத்தால் எல்லாத் திருத்தமும் ஒரே பெயரில் நிற்கும்.

காலப்போக்கில் கூகுள் சிறு சிறு பதிப்புகளை ஒன்றாகச் சேர்த்துவிடும். ஆகவே முக்கியமான கட்டத்தில் நீங்களே பெயர் வைக்க வேண்டும். அதே மெனுவில் 'நேம் கரன்ட் வெர்ஷன்'. 'முதல் ப்ரூஃப், கமிட்டிக்குப் போனது', 'பிளேட்டுக்குப் போனது' என்று தமிழிலேயே எழுதலாம். ஒரு டாக்ஸுக்கு 40 பெயர்கள் வரை, கூகுளின் கணக்கு அட்டவணையான ஷீட்ஸுக்கு 15 வரை வைக்கலாம். பிளேட்டுக்கு, அதாவது அச்சுத் தகடு செய்ய, போன பிரதிக்குக் கட்டாயம் பெயர் வையுங்கள். அச்சாகி வந்த பிறகு, "எங்கள் தாத்தா பெயரில் எழுத்துப் பிழை" என்று ஒருவர் வந்து நின்றால், கமிட்டி ஒப்புக்கொண்ட பிரதியிலேயே அப்படி இருந்ததா, பிறகு மாறியதா என்பதை நிமிடத்தில் காட்டிவிடலாம். மறு அச்சுச் செலவு யாருடையது என்ற சண்டை அங்கேயே முடியும்.

ஷீட்ஸில் இன்னும் ஒரு வசதி உண்டு. நன்கொடைத் தொகை உள்ள ஒரு கட்டத்தின் மேல் ரைட் கிளிக் செய்து 'ஷோ எடிட் ஹிஸ்டரி' கொடுத்தால், அந்த ஒரே கட்டத்தில் முன்பு என்ன இருந்தது, யார் மாற்றினார் என்று காட்டும். 500 என்பது 5,000 ஆன கதை அதில் தெரிந்துவிடும்.

ஆனால் இந்த நினைவாற்றலே வேறு ஒரு ஆபத்தையும் கொண்டுவருகிறது, உங்கள் தொழிலில் இதை நான் மிகவும் அழுத்திச் சொல்ல வேண்டும். கூகுள் டாக்ஸில் ஒருவருடைய ஒப்பந்தத்தைத் திருத்தி இன்னொருவருக்கு ஆக்கி, அந்த லிங்க்கை 'எடிட்டர்' உரிமையோடு புதியவருக்கு அனுப்பினால், அவர் வெர்ஷன் ஹிஸ்டரியைத் திறந்து முந்தையவரின் பெயர், ஆதார் எண், வாடகை, கைபேசி எண் எல்லாவற்றையும் படிக்கலாம். திரையில் நீங்கள் அழித்தது ஹிஸ்டரியில் அழியவில்லை. உங்களை நம்பி அடையாள அட்டை கொடுத்தவருக்கு இது பெரிய துரோகமாகிவிடும். எப்போதும் 'ஃபைல்', 'மேக் எ காப்பி' எடுத்து, அந்தக் காப்பியில் வேலை செய்யுங்கள். காப்பிக்குப் பழைய ஹிஸ்டரி தொற்றாது. ஆனால் முந்தையவரின் விவரம் காப்பிக்குள் வந்த பிறகு அழித்தால் அது காப்பியின் ஹிஸ்டரியில் ஏறிவிடும். எனவே காப்பி எடுக்க வேண்டியது விவரம் ஏதும் இல்லாத வெற்று மாதிரியிலிருந்து. படிக்க மட்டும் வேண்டியவருக்கு 'வியூவர்' உரிமை போதும், அவருக்கு ஹிஸ்டரி தெரியாது. அதைவிட பிடிஎஃப் அனுப்புவது இன்னும் நல்லது.

அடுத்து எழுத்துரு. உங்கள் பழைய மேட்டர் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் இருந்தால், கூகுள் டாக்ஸில் ஏற்றியதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரியும். மேட்டர் கெடவில்லை. அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டுபவை, கூகுளில் அவை இல்லாததால் அடியில் உள்ளது அப்படியே தெரிகிறது. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒன்றில் போட்டு, எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடாக மாற்றுங்கள். மாற்றிய பிறகு கொ, கோ, கௌ, ஸ்ரீ வருமிடங்களையும், நடுவில் வரும் ஆங்கிலச் சொற்களையும் கண்ணால் ஒருமுறை படியுங்கள், தவறு அங்கேதான் ஒளிந்திருக்கும். பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தமிழ் தெரியாது. கூகுளில் முடிந்த மேட்டரைப் பேஜ்மேக்கருக்குக் கொண்டுபோகும்போது மறுபடி பழைய எழுத்துருவுக்கு மாற்ற வேண்டும். ஆகவே திருத்தமெல்லாம் கூகுளில் முடிந்து, பெயர் வைத்த பதிப்பான பிறகே பேஜ்மேக்கருக்குப் போங்கள். இரண்டு இடத்திலும் மாற்றி மாற்றித் திருத்தினால் எது கடைசி என்று யாருக்கும் தெரியாது.

இன்டர்நெட் இல்லாத நேரத்துக்கும் கூகுள் டாக்ஸ் ஓடும், ஆனால் நெட் இருக்கும்போதே ஆஃப்லைன் வசதியை ஆன் செய்து வைத்திருக்க வேண்டும். ஆன் செய்யவில்லை என்றால், நெட் போன பிறகு அடித்தது அந்த டேபுக்குள் மட்டும் நிற்கும். மேலே 'சேவ்டு டு டிரைவ்' என்று வந்த பிறகுதான் டேபை மூடலாம்.

பேஜ்மேக்கர் வேறு உலகம். கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல். ஆட்டோசேவ், வெர்ஷன் ஹிஸ்டரி இரண்டுமே அதில் கிடையாது. ஆனால் பலருக்குத் தெரியாத 'மினி சேவ்' ஒன்று இருக்கிறது. நீங்கள் ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போனால், பக்கம் சேர்த்தால் அல்லது நீக்கினால், பிரின்ட் கொடுத்தால், லேஅவுட்டுக்கும் ஸ்டோரி எடிட்டருக்கும் மாறினால், அது தனக்குள் ஒரு சிறு சேவ் செய்துகொள்ளும். கரண்ட் போன பிறகு அதே ஃபைலைத் திறந்தால் பல நேரம் அந்த மினி சேவ் வரையிலான வேலை அப்படியே இருக்கும். ஒரே பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்து அலங்காரம் செய்தால் மினி சேவ் நடக்காது. அடுத்த பக்கம் போய்த் திரும்பி வந்தாலே போதும். செய்த மாற்றம் பிடிக்கவில்லை என்றால், ஷிஃப்டை அழுத்திக்கொண்டே 'ஃபைல்', 'ரிவெர்ட்' கொடுங்கள், கடைசி மினி சேவுக்குப் போகும். ஷிஃப்ட் இல்லாமல் கொடுத்தால் நீங்கள் கடைசியாகச் சேவ் தட்டிய இடத்துக்கே போய்விடும், நடுவில் செய்தது எல்லாம் போகும்.

பேஜ்மேக்கரில் பதிப்பு வைப்பது உங்கள் கையில்தான். தினமும் வேலை தொடங்கும்போது 'சேவ் அஸ்' கொடுத்துப் புதுப் பெயர்: திருவிழாமலர்-2025-07-18-1 என்ற மாதிரி. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் போட்டால் ஃபோல்டரில் தானாகத் தேதிவாரியாக நிற்கும். 'ஃபைனல்', 'ஃபைனல் நியூ', 'லாஸ்ட் ஃபைனல்' என்ற பெயர்களைத் தவிருங்கள். சேவ் அஸ் கொடுப்பதில் இன்னொரு லாபமும் உண்டு: சேவ் தட்டித் தட்டி ஊதிப்போன பேஜ்மேக்கர் ஃபைல் மறுபடி சுருங்கும்.

கல்யாணப் பத்திரிகைக்குக் கோரல்டிராவும் வைத்திருந்தால், 'டூல்ஸ்', 'ஆப்ஷன்ஸ்' உள்ளே சேவ் பக்கத்தில் 'ஆட்டோ பேக்கப்' 5 நிமிடம், 'மேக் பேக்கப் ஆன் சேவ்' டிக். பேக்கப் ஃபைல்கள் 'பேக்கப் ஆஃப்' என்று தொடங்கும் பெயரில் வரும். ஆண்டர்சன் தெருவுக்கு அட்டை வாங்கப் போய் வந்து பார்த்தால் ஃபோல்டரில் இரண்டு இரண்டாக நிற்கிறதே என்று யாராவது சுத்தம் செய்துவிடப் போகிறார்கள், கடையில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

யூபிஎஸ் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் ஒன்றரை மணி நேரம் தொலைந்ததற்கு முதல் காரணம், அது இல்லாததோ அதன் பேட்டரி தளர்ந்ததோதான். இல்லை என்றால் 600 விஏ ஒன்று வாங்குங்கள், இருந்தால் பேட்டரியைச் சோதியுங்கள். ஒரு கம்ப்யூட்டரும் எல்சிடி திரையும் மட்டும் மாட்டினால், புது பேட்டரியில் சேவ் செய்து நிதானமாக மூடத் தேவையான சில நிமிடங்கள் தாராளமாகக் கிடைக்கும். லேசர் பிரின்டரையும் ஜெராக்ஸ் மெஷினையும் அதில் மாட்டவே கூடாது. உள்ளே இருக்கும் ஹீட்டர் சூடாகும் நொடியில் இழுக்கும் மின்சாரத்தை இந்த யூபிஎஸ் தாங்காது, கரண்ட் இருக்கும்போதே கம்ப்யூட்டரை அணைத்துவிடும். உள்ளே இருக்கும் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும். மாதம் ஒருமுறை எல்லா ஃபைலையும் சேவ் செய்து மூடிவிட்டு, யூபிஎஸ் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிப் பாருங்கள். இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை என்றால் பேட்டரி மாற்றும் நேரம். கடல் காற்று அடிக்கிற பகுதி, பேட்டரி முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா என்பதையும் சர்வீஸ்காரரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி, ஒன்டிரைவும் கூகுளும் இருக்கின்றனவே, பேக்கப் எதற்கு என்று தோன்றலாம். ஒன்டிரைவ் ஃபோல்டரில் ஒரு ஃபைலை லேப்டாப்பில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும். கூகுள் டிரைவ் குப்பைத் தொட்டியில் 30 நாள், ஒன்டிரைவ் தனிநபர் கணக்கிலும் 30 நாள், அதற்குள் கவனித்தால்தான் மீட்கலாம். கடவுச்சொல் போய்விட்டால் கணக்கே போய்விடும். இலவச இடமும் அளவுதான்: கூகுளில் 15 ஜிபி, ஒன்டிரைவில் 5 ஜிபி. மலருக்கு வரும் விளம்பரப் படங்கள் இரண்டு வருடத்தில் அதை நிரப்பிவிடும். நிரம்பியதும் சேர்ப்பது நின்றுபோகும், ஒரு மூலையில் சின்ன எச்சரிக்கை மட்டும் நிற்கும், யாரும் பார்க்க மாட்டார்கள்.

கடைக் கம்ப்யூட்டருக்கு ஒரு யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க் வாங்கி, கன்ட்ரோல் பேனலில் 'ஃபைல் ஹிஸ்டரி' என்பதை ஆன் செய்யுங்கள். விண்டோஸ் 8 முதல் இது உள்ளேயே இருக்கிறது, தனியாகக் காசு கொடுக்க வேண்டாம். மாறிய ஃபைல்களை மணிக்கு ஒருமுறை அந்த டிஸ்க்கில் தேதியோடு வைக்கும். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற ஃபோல்டர்களைத்தான் அது கவனிக்கும். டி டிரைவில் தனியாக 'பார்ட்டி ஃபைல்ஸ்' என்று வைத்திருந்தால் அது சேராது. ஃபோல்டரை டாக்குமென்ட்ஸுக்குள் நகர்த்துங்கள், அல்லது லைப்ரரியில் சேருங்கள். பேஜ்மேக்கர், கோரல் ஃபைல்களுக்கும் பழைய பிரதிகள் கிடைக்க இதுதான் வழி: ஃபைல் மேல் ரைட் கிளிக், 'ப்ராப்பர்ட்டீஸ்', 'ப்ரீவியஸ் வெர்ஷன்ஸ்'.

அந்த டிஸ்க் எப்போதும் கம்ப்யூட்டரிலேயே மாட்டியிருந்தால் வைரஸ் வந்தாலும், தண்ணீர் வந்தாலும் இரண்டும் சேர்ந்து போகும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தரைத்தளத்துக்குள் தண்ணீர் புகுந்ததை உங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆகவே இன்னொரு டிஸ்க். சனிக்கிழமை இரவு கடை மூடும் முன் பார்ட்டி ஃபோல்டர்களை அதில் காப்பி செய்து வீட்டுக்குக் கொண்டுபோய், மாடியில், ஈரம் படாத இடத்தில் வையுங்கள். அதில் வாடிக்கையாளர்களின் அடையாள விவரங்கள் இருப்பதால், டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் போட வசதியுள்ள விண்டோஸ் ப்ரோவாக இருந்தால் கடவுச்சொல் போட்டுவிடுங்கள்.

இந்த வாரத்தில் முதலில் செய்ய வேண்டியது ஒப்பந்தத்தை மீட்பது, அடுத்து டெம்ப்ளேட், மூன்றாவது யூபிஎஸ் பேட்டரி. மலர் மேட்டரை மறுபடி அடிக்க உட்காரும் முன், ஒரு வெற்று ஃபைலில் நாலு வரி அடித்துச் சேவ் செய்யுங்கள். அதை மாற்றி மறுபடி சேவ் செய்யுங்கள். பிறகு பழைய நாலு வரியை, இங்கே சொன்ன வழிகளில் ஒன்றால், வேலைக்கு இருக்கும் பெண்ணையும் அக்கா மகனையுமே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். இருவரும் எடுத்துவிட்டால் மலரைத் தொடங்கலாம்.